அமிர்தம் ரம்மி ஆடவில்லை

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தைத் தலை முழுகியவன் நான். அடுத்தவன் கொல்லையில் மரவள்ளி பிடுங்கக் கூலிக்குப் போனவன். இன்றைக்கு வடக்கனந்தலில் எனக்குக் கழனியும் இருக்கிறது, கொல்லையும் இருக்கிறது. டிராக்டர் நிற்கிறது, அதை ஓட்ட ஆள் இருக்கிறது. இதில் ஒரு பிடி மண்கூட என் அப்பன் வைத்துவிட்டுப் போனதில்லை. இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், ஓர் ஆளைப் பற்றி எழுத வந்தவன் எப்படிப்பட்டவன் என்று படிக்கிறவர்களுக்குத் தெரிய வேண்டும். ஆளை எடை போடத் தெரியாதவன் நிலம் வாங்க முடியாது. அமிர்தத்தை நான் எடை போட்டு வெகுகாலம் ஆகிறது.

அமிர்தம் ஆள் மேஸ்திரி. வடக்கனந்தலிலிருந்து கச்சிராயபாளையம் வரைக்கும் நடவோ, களையோ, கரும்புக் கரணை ஊன்றுவதோ, பெண்ணாட்கள் வேண்டுமென்றால் அவளுக்குத்தான் போன் போட வேண்டும். எந்த இடம், என்ன வேலை, எத்தனை பேர் என்று சொன்னால் போதும். விடிந்ததும் குட்டியானை வண்டியில் ஆட்கள் வந்து இறங்குவார்கள். சாயங்காலம் கூலியை மொத்தமாக அமிர்தத்தின் கையில் கொடுத்துவிட வேண்டும். அவள் வரப்பில் உட்கார்ந்து பிரித்துக் கொடுப்பாள். எந்தப் பெண்ணும் நிலக்காரனிடம் கை நீட்டி நிற்க வேண்டியதில்லை. நிலக்காரனும் ஒவ்வொருத்திக்கும் பதில் சொல்லிக்கொண்டு நிற்க வேண்டியதில்லை. இதுதான் எங்கள் பக்கத்து முறை. அந்தக் கையை ஆட்கள் நம்புகிற வரைக்கும் அவள் மேஸ்திரி. நம்பிக்கை போனால் அவளும் சேற்றில் இறங்குகிற இன்னோர் ஆள், அவ்வளவுதான்.

அவளை மேஸ்திரி ஆக்கியதே நான்தான். அவள் புருஷன் கரும்பு ஏற்றிய லாரியின் மேல் நின்று கயிறு இழுத்துக் கட்டுகிறவன். ஒரு நாள் கயிறு அறுந்து, தலைகுப்புற விழுந்து போய்ச் சேர்ந்தான். அதற்கப்புறம் அமிர்தம் கூலிக்கு வந்தாள். அப்போது மேஸ்திரியாக இருந்தவன் ஓர் ஆம்பிளை. என் கழனியில் நடவு பாதி நடக்கும்போது என்னோடு வாய்ச்சண்டை போட்டுவிட்டு, ‘எல்லாரும் கரையேறுங்க, கிளம்பலாம்’ என்றான். பெண்கள் கரையேறினார்கள். அமிர்தம் ஏறவில்லை. “பறிச்ச நாத்து வெயில்ல கெடக்குது. நாத்து இன்னா பாவம் பண்ணுச்சி? உங்க சண்டைய நட்டு முடிச்சிட்டுப் போடுங்க” என்றாள். மற்றவர்களும் ஒவ்வொருத்தியாகத் திரும்ப இறங்கினார்கள். சாயங்காலம் நான் கூலியை அவன் கையில் கொடுக்கவில்லை, அவள் கையில் கொடுத்தேன். அன்றைக்கு அவளிடம் என்ன இருந்தது என்று கண்டுபிடித்தவன் இந்த வட்டாரத்தில் நான் ஒருத்தன்தான்.

அவளிடம் வெகுநாள் வரைக்கும் பட்டன் போன்தான் இருந்தது. நிலக்காரர்கள் வாட்ஸ்அப்பில் வயலைப் படம் எடுத்து அனுப்புவதும், இடம் காட்டுகிற மேப்பை அனுப்புவதும் பழக்கமான பிறகு, கட்டிக் கொடுத்த மகள் பாரதி ஒரு டச் போன் வாங்கிக் கொடுத்தாள். அமிர்தம் அதை ஒரு துணிப்பையில் போட்டு இடுப்பில் செருகிக்கொண்டாள். கரும்புச் சோகையும் மரவள்ளித் தண்டும் பட்டு மரத்துப்போன விரல் அவளுடையது. நாலு தடவை அழுத்தினால் ஒரு தடவை கேட்கும். ஆனாலும் பழகிக்கொண்டாள்.

அமிர்தத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. நல்ல நேரம் பார்க்காமல் வண்டியை எடுக்க விடமாட்டாள். சுவரில் தொங்குகிற நாள்காட்டியில் எழுத்து பொடி, அவளுக்குக் கண் பிடிபடாது. ஆடித் திருவிழாவில் பக்கத்துத் தெருப் பொம்பளை ஒருத்தி அவள் போனில் நல்ல நேரம் காட்டுகிற ஆப் ஒன்றை ஏற்றிக் கொடுத்தாள். தொட்டால் பிள்ளையார் வருவார், மணி அடிக்கும், பெரிய எழுத்தில் நல்ல நேரம், ராகு காலம், எமகண்டம் எல்லாம் வரும். அமிர்தம் பிள்ளையாரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள். பிறகுதான் டிரைவரைப் பார்த்து, ‘எடு’ என்பாள்.

அந்தப் புரட்டாசியில்தான் தொல்லை ஆரம்பமானது.

பூட்டியிருக்கிற போனை எடுத்து பட்டனை அழுத்தினால் நேரம் தெரிய வேண்டும். அமிர்தத்தின் போனில் விளம்பரம் தெரிந்தது. ஒரு நாள் உடம்பு இளைக்கிற மருந்து. ஒரு நாள் கடன் தருகிறோம் என்று கோட்டுப் போட்ட ஓர் ஆள். ரொம்ப நாட்கள் ரம்மி. சீட்டுக் கட்டு விசிறி மாதிரி விரியும், காசு மழையாகக் கொட்டும், ஒரு பெண் கத்துவாள். மூட வேண்டுமென்றால் மூலையில் ஒரு பெருக்கல் குறி இருக்கிறது. கடுகு அளவு. அமிர்தத்தின் விரல் அதன்மேல் பட்டால் அதோடு சேர்ந்து நாலா பக்கமும் படும். உடனே வேறு ஏதோ கடை திறக்கும், அதற்குள் ஒரு கதவு, அதற்குள் இன்னொன்று.

முதலில் அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பஸ்ஸில் போனால் சுவரெல்லாம் போஸ்டர் இல்லையா, அந்த மாதிரி என்று நினைத்தாள். கச்சிராயபாளையத்தில் ஒரு சாவு வீட்டுக்குப் போன அன்றைக்குத்தான் கதை மாறியது.

இறந்தவர் பெரிய நிலக்காரர், வருஷா வருஷம் அமிர்தத்தைக் கூப்பிடுகிறவர். ஆட்களைக் கூட்டிக்கொண்டு மாலையோடு போனாள். பெண்கள் கட்டிப்பிடித்து அழுதுகொண்டிருந்தார்கள். நானும் பந்தலில் உட்கார்ந்திருந்தேன். அமிர்தம் குனிந்து மாலையைப் போட்டாள். இடுப்புப் பை எங்கேயோ அழுந்தியிருக்க வேண்டும். பையிலிருந்து ஒரு பெண்ணின் குரல் ஊருக்கே கேட்கிற மாதிரி கத்தியது.

“வாழ்த்துகள்! அடிச்சது ஜாக்பாட்! உடனே ரம்மி ஆட வாங்க!”

அழுகை நின்றுபோனது. பறை அடித்துக்கொண்டிருந்தவர்கூட ஒரு நொடி கையை நிறுத்தினார். அமிர்தம் பையைப் பிடித்து அமுக்கினாள். அமுக்க அமுக்க அது திரும்பத் திரும்ப வாழ்த்துச் சொன்னது. கடைசியில் போனை வெளியே எடுத்தாள். அவளுக்குப் பக்கத்தில் இருந்தவள் மணிமொழி, அவளுடைய ஆட்களில் வாய் ஜாஸ்தி உள்ளவள். எட்டிப் பார்த்தாள். விசிறி மாதிரி விரிந்த சீட்டைப் பார்த்தாள்.

“அக்கா, நீயுமா?” என்றாள்.

அந்த ஒரு வார்த்தை போதும். எங்கள் ஊரில் ரம்மி என்றால் எல்லோருக்கும் தெரியும். கீழத்தெருவில் ஒருத்தன் போனில் ரம்மி ஆடி வண்டியை விட்டான், பெண்டாட்டியின் செயினை விட்டான், கடைசியில் ஊரையே விட்டான். அப்படிப்பட்ட விளையாட்டு ஒரு மேஸ்திரியின் போனில் இருக்கிறது, எல்லோருடைய கூலியும் போகிற கை அது. யார் சும்மா இருப்பார்கள்?

சின்னப்பொண்ணு சும்மா இருக்கவில்லை. அவளும் மேஸ்திரிதான், கச்சிராயபாளையத்துக்காரி. “எனக்கு இன்னாத்துக்குடி அடுத்தவ வம்பு? அமிர்தம் நல்லவதான். ஆனா நல்லவ கையில கூட சீட்டு ஒட்டிக்கினா வுடாது. உங்க கூலி, நீங்க பாத்துக்கங்க” என்று பஸ் ஸ்டாண்டில் டீ குடித்துக்கொண்டே சொன்னாளாம். வம்பு வேண்டாம் என்று சொல்லியே வம்பை முடித்துவிட்டாள். அது ஒரு திறமை. நான் குறை சொல்லமாட்டேன்.

அதற்கடுத்த வாரம் என் கொல்லையில் களையெடுப்பு. சாயங்காலம் மணிமொழி என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

“பெரிப்பா, தப்பா நெனைக்காதீங்க. கூலிய எங்க எங்க கையிலயே குடுத்துடுங்க.”

“ஏன், அமிர்தம் கொடுக்கலையா?”

“இதுவரிக்கும் குடுத்துது. இனிமே குடுக்குமான்னு யாருக்குத் தெரியும்? எப்பப் போன எடுத்தாலும் சீட்டுதான் வருது. ஆடாதவங்க போன்ல ஏன் வரப்போவுது? எங்க வூட்டுப் போன்ல வரலியே.”

அமிர்தம் கொஞ்ச தூரத்தில் நின்றிருந்தாள். காதில் விழாமல் இருக்காது. வண்டிச் சக்கரத்தில் ஒட்டிய சேற்றைக் குச்சியால் சுரண்டிக்கொண்டிருந்தாள். நான் ஒவ்வொருத்திக்கும் கையில் கொடுத்தேன். அவரவர் வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு வண்டி ஏறினார்கள். அமிர்தம் தன் பங்குக்கு வந்து கை நீட்டினாள். மேஸ்திரியான பிறகு அவள் என்னிடம் கை நீட்டியது அதுதான் முதல் தடவை.

அதோடு நிற்கவில்லை. நடவுக் காலத்தில் கீழே ஆள் போதாது. மேலே வெள்ளிமலையிலிருந்து ஆட்களை இறக்குவது அமிர்தத்தின் வழக்கம். வேடியப்பன் என்று ஒருத்தர், மலையில் ஆட்களைச் சேர்த்து ஜீப்பில் அனுப்புகிறவர். அவர் இருக்கிற குக்கிராமத்தில் சிக்னல் கிடைக்காது. ஒரு பாறை மேல் ஏறி நின்றுதான் பேச வேண்டும். அவர் போன் வந்தால் எடுத்துவிட வேண்டும், விட்டால் அன்றைக்குத் திரும்பக் கிடைக்கமாட்டார். அவர் கூப்பிட்டபோது போன் மேல் ரம்மி உட்கார்ந்திருந்தது. மணி அடிக்கிறது, பச்சைப் பொத்தான் அடியில் இருக்கிறது, மேலே காசு மழை. அமிர்தம் மழையைத் துடைக்கத் துடைக்க மணி நின்றுபோனது. வேடியப்பன் பாறையிலிருந்து இறங்குவதற்கு முன்னால் சின்னப்பொண்ணுக்குப் போட்டார். மறுநாள் மலை ஜீப் நின்றது சின்னப்பொண்ணு வீட்டு வாசலில்.

அமிர்தம் அன்றைக்கே கள்ளக்குறிச்சிக்கு பஸ் ஏறினாள். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே செல்போன் ரிப்பேர் கடை. கடைக்காரர் நெற்றி நிறைய விபூதி வைத்திருக்கிற மனுஷர். போனை வாங்கிப் பார்த்தார்.

“கண்ட கண்ட ஆப்ப ஏத்தி வெச்சிருக்கீங்கம்மா. டார்ச்சு இன்னாத்துக்குத் தனியா? போன்லயே இருக்குதே. இது இன்னா, கேமு. யாரு ஆடுறது?”

“எம் பேரப்புள்ள வந்தப்போ போட்டது. எல்லாத்தையும் எடுத்துடுங்க. ஆனா புள்ளையார மட்டும் தொட்டுடாதீங்க.”

“சேச்சே. சாமிய நான் ஏம்மா தொடறேன்?” என்று அவரும் சொல்லி, பிள்ளையாரை விட்டு மீதி எல்லாவற்றையும் துடைத்தெடுத்தார். ‘இனிமே வராது’ என்று கொடுத்தார். திரும்புகிற பஸ்ஸில் மணி பார்க்கப் போனை எடுத்தாள். பக்கத்து சீட்டுக்காரரும் சேர்ந்து பார்க்கிற மாதிரி சீட்டு விரிந்தது.

அடுத்து என் நடவு. கோமுகி வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது, நாற்று தயாராக நிற்கிறது. நடவுக்கு முந்தின நாள் காலையில் அமிர்தம் என் மோட்டார் கொட்டகைக்கு வந்தாள். நான் போர்வெல் மோட்டாருக்கு கிரீஸ் வைத்துக்கொண்டிருந்தேன். மெக்கானிக்கைக் கூப்பிடுகிற பழக்கம் எனக்குக் கிடையாது. என் மோட்டார், நானே பிரிப்பேன், நானே மாட்டுவேன்.

“அண்ணா, நாளைக்கு ஆளுங்க வருவாங்க. கூலிய அவங்க கையிலயே குடுத்துடுங்க. நானே சொல்லிட்டேன்” என்றாள்.

“நீயே சொல்லிட்டா அப்புறம் நீ யாரு?”

“அதான் தெரியல. மணிமொழி பாத்துக்கட்டும், இல்ல சின்னப்பொண்ணுகிட்ட போவட்டும். நான் நாத்து நட்டுட்டுப் போறேன். நடறதுக்கு யாரும் சந்தேகப்பட மாட்டாங்க.” கிரீஸ் டப்பாவை என் பக்கம் நகர்த்தினாள். “நீங்களும் நம்பறீங்களா அண்ணா?”

“நம்பினா கொட்டாய்க்குள்ள வுட்டிருப்பனா? போனைக் குடு.”

நான் மூன்றாம் வகுப்பு. ஆனால் எந்த மெஷினும் என்னை ஏமாற்றியது இல்லை. மோட்டார் ஓடவில்லை என்றால் மோட்டாரையே முறைத்துக்கொண்டு நிற்பதில் பயனில்லை, கரண்டு எந்த வழியாக வருகிறது என்று பார்க்க வேண்டும். கடைக்காரர் விளம்பரம் வராதபோது தேடியிருக்கிறார். வரும்போது பிடித்தால்தான் எங்கிருந்து வருகிறது என்று தெரியும். கொட்டகையில் உட்கார்ந்து காத்திருந்தோம். அமிர்தம் வெற்றிலை போட்டாள். நான் போனை மடியில் வைத்துக்கொண்டு, அவ்வப்போது பட்டனை அமுக்கினேன்.

வந்தது. சீட்டு, மழை, கத்தல். நான் பெருக்கல் குறியைத் தொடவே இல்லை. போனின் அடியில் மூன்று குறி இருக்கிறது இல்லையா, அதில் சதுரமாக இருப்பதை அமுக்கினேன். திறந்து கிடக்கிற சாமான்களையெல்லாம் அட்டை அட்டையாகக் காட்டுகிற குறி அது. முன்னால் வந்து நின்ற அட்டையில் ரம்மிப் படம். அதன் தலையில், யாருடைய அட்டை என்று சொல்கிற இடத்தில், சின்னதாகப் பிள்ளையார்.

“அமிர்தம், இங்க பாரு. யாரு இது?”

குனிந்து பார்த்தாள். நிமிர்ந்தாள். திரும்பக் குனிந்தாள்.

“புள்ளையாரு.”

“ரம்மி இவரு வூட்லேருந்துதான் வருது.”

“வாயக் கழுவுங்கண்ணா” என்றாள்.

அவள் கோபம் எனக்குப் புரியாமல் இல்லை. பிள்ளையாரைப் போட்டுக்கொண்டு எவனோ ஒருத்தன் கடை நடத்துகிறான், சாமிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று எடுத்துச் சொன்னேன். எடுத்துவிடலாம் என்றேன். கேட்கவில்லை. “வூட்டுக்கு வந்த புள்ளையார வெளிய தள்ளுனா என் குடும்பம் வெளங்குமா?” என்றாள். சரி, தள்ள வேண்டாம், வாசலை மட்டும் அடைப்போம் என்று செட்டிங்ஸ் உள்ளே போனேன். எழுத்துக் கூட்டிக் கூட்டிப் படித்தேன். ஓர் ஆப் மற்றதன் மேல் ஏறி உட்கார அனுமதி கொடுக்கிற இடம் ஒன்று இருந்தது. அதில் பிள்ளையார் பெயருக்கு நேரே பச்சையாக இருந்த சுவிட்சைத் தள்ளி அணைத்தேன். சாமி கோயிலுக்குள்ளேயே இருக்கட்டும், தெருவுக்கு வந்து சீட்டு விற்க வேண்டாம். அன்றைக்கு முழுக்க விளம்பரம் வரவில்லை. கள்ளக்குறிச்சியில் கடை போட்டவனால் முடியாததை மோட்டார் கொட்டகையில் உட்கார்ந்து முடித்தேன் என்று வீட்டில் எல்லோருக்கும் சொன்னேன்.

மறுநாள் விடிந்ததும் வண்டி வந்தது. பெண்கள் இறங்கினார்கள். நாற்று முடிகளை எடுத்து வீசிக்கொண்டிருந்தோம். அமிர்தம் மணி பார்க்கப் போனை எடுத்தாள்.

“வாழ்த்துகள்! அடிச்சது ஜாக்பாட்!”

மணிமொழிதான் முதலில் வாயைத் திறந்தாள்.

“இன்னிக்கும் அடிச்சிடுச்சா அக்கா? வந்துகினே இருக்குதே. எங்களுக்கு ஒரு டீயாச்சும் வாங்கிக் குடேன்.”

பெண்கள் சிரித்தார்கள். அமிர்தம் சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. போனைப் பையோடு வரப்பில் வைத்தாள். புடவையை இழுத்துச் செருகினாள்.

“மணிமொழி, இன்னியிலேருந்து நீதான் மேஸ்திரி. ஆளுங்கள நிறுத்து. நானும் ஒரு ஆளு” என்று சொல்லிச் சேற்றில் இறங்கினாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. நான் அணைத்த சுவிட்ச் அது. நான் அணைத்தது தானாக எரியாது. “அமிர்தம், நேத்து நான் அணைச்சதுக்கு அப்புறம் போன்ல இன்னா பண்ண?” என்று கேட்டேன்.

“ஒண்ணும் பண்ணல. காலைல நல்ல நேரம் பாத்தேன்.”

“பாத்தா சும்மா காட்டுச்சா?”

“புள்ளையாரு வந்தாரு. அனுமதி குடுங்கன்னு எழுதியிருந்துது. குடுத்தேன்.”

“ஏன் குடுத்த?”

“சாமி கேக்குது அண்ணா. வேணாம்னு எப்டி அமுக்கறது?”

நான் பெண்களைப் பார்த்தேன். மணிமொழி உட்பட எல்லோரும் தலையாட்டினார்கள். “அது சரி பெரிப்பா, சாமிகிட்டப் போயி வேணாம்னு எப்டி சொல்றது?” என்றாள் மணிமொழி. அப்போதுதான் விஷயம் எனக்கு முழுசாகப் பிடிபட்டது. ஆப் செய்தவன் எங்கே இருக்கிறானோ, எந்த மொழிக்காரனோ தெரியாது. ஆனால் எங்களை நன்றாகத் தெரிந்தவன். வேறு எந்தப் படத்தைப் போட்டிருந்தாலும் ரிப்பேர்க் கடையிலேயே போயிருக்கும்.

எல்லோரையும் கரைக்கு வரச் சொன்னேன். போனை நடுவில் வைத்து, ரம்மி வருகிற வரைக்கும் காத்திருந்து, சதுரக் குறியை அமுக்கினேன். அட்டையின் தலையில் இருந்த பிள்ளையாரை ஒவ்வொருத்திக்கும் காட்டினேன். மணிமொழி போனைக் கையில் வாங்கி, தானே இன்னொரு தடவை அமுக்கிப் பார்த்தாள். அவள் யாரையும் லேசில் நம்புகிறவள் இல்லை, அது நல்ல குணம்.

“அப்போ ரம்மி ஆடுறது அக்கா இல்ல, புள்ளையாரா?”

“அடிச் செருப்பால!” என்றாள் பெரியநாயகி. ஆட்களிலேயே மூத்தவள் அவள். “சாமி சீட்டு ஆடுமாடி? சாமி பேர சொல்லிக்கினு எவனோ ஆடுறான்.”

“அப்போ அத எடுத்துடணும்.”

“எடுக்கலாம். ஆனா குப்பையில தூக்கிப் போடற மாதிரி எடுக்கக் கூடாது.”

ஆளாளுக்குப் பேசினார்கள். கிழிந்த சாமி படத்தை எங்கள் பக்கத்தில் குப்பையில் போடமாட்டார்கள், அரச மரத்தடியில் சாத்தி வைப்பார்கள். போனுக்குள் இருப்பதை எந்த மரத்தடியில் சாத்துவது? போனையே சாத்தலாம் என்றாள் ஒருத்தி. “சாத்திட்டு வா, திரும்பி வரும்போது போன் இருக்குதா பாப்போம்” என்றாள் இன்னொருத்தி. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. நாற்று வாடினால் யார் பதில் சொல்வது என்று நான் சத்தம் போட்டேன். கடைசியில் பெரியநாயகிதான் வழி சொன்னாள்.

“போன மாசம் சதுர்த்திக்கு வெச்ச களிமண் புள்ளையார இன்னா பண்ணோம்? இதே வாய்க்கால்ல கரைச்சோம். தொரத்துனா மாதிரியா ஆச்சி? மரியாதையா அனுப்புனோம். இதையும் அப்டி அனுப்பு.”

அதை எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். வண்டிக்கார டிரைவர் ஸ்டியரிங் பக்கத்தில் ஒரு சாமி வைத்திருந்தார், அவரிடம் கற்பூரம் இருந்தது. வாய்க்கால் கரையில் கல் மேல் ஏற்றினார்கள். அமிர்தம் கால் சேற்றைக் கழுவிக்கொண்டு, முழங்கால் தண்ணீரில் நின்று, போனை இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டாள்.

“பாத்துடி, போனக் கரைச்சிடாத!” என்றாள் பெரியநாயகி.

நான் பக்கத்தில் நின்று எந்தப் படத்தை அழுத்திப் பிடிக்க வேண்டும் என்று சொன்னேன். பிடித்தாள். எடுத்துவிடவா என்று போன் கேட்டது. அடியில் ரத்து என்று ஒன்று, சரி என்று ஒன்று. அமிர்தத்தின் கட்டைவிரல் அதன் மேல் நின்றது. நான் அமுக்கட்டுமா என்று கேட்டேன். “வேணாண்ணா, என் மேல வந்த பேரு” என்றாள். கண்ணை மூடிக்கொண்டு, “வர வருஷம் களிமண்ணா வாப்பா” என்று சொல்லிவிட்டு, சரி என்பதை அமுக்கினாள். மூன்றாவது தடவைதான் விரல் கேட்டது. பிள்ளையார் இருந்த இடம் காலியானது. பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். நான் போட்டுக்கொள்ளவில்லை. எனக்கு நாற்று வாடிக்கொண்டிருந்தது.

பிறகு நடவு நடந்தது. அமிர்தம் ஆட்களோடு சேர்ந்தே நட்டாள், மேஸ்திரியாக நின்று அதட்டவில்லை. வரப்பில் ஒரு துண்டை மடித்து அதன் மேல் போனை வைத்திருந்தார்கள். நாற்று எடுக்கக் கரையேறுகிறவள் ஒவ்வொருத்தியும் பட்டனை அமுக்கிப் பார்த்துவிட்டுப் போனாள். நேரமும் தேதியும் வந்தது. வேறு ஒன்றும் வரவில்லை. மணிமொழி தண்ணீர் குடிக்கப் போகிற சாக்கில் அடிக்கடி போனாள். ஒவ்வொரு தடவையும் குனிந்து, கொஞ்ச நேரம் காத்திருந்து, திரும்ப வந்து நட்டாள். அவளுக்குப் பக்கத்தில் நட்டவள், “இன்னாடி, ஜாக்பாட் அடிச்சிதா?” என்றாள். “உன் வேலயப் பாரு” என்றாள் மணிமொழி.

மத்தியானம் கஞ்சி குடித்துக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. எல்லோரும் திரும்பினார்கள். பெரிதாக வேடியப்பன் பெயர், அடியில் பச்சைப் பொத்தான், மேலே ஒன்றும் இல்லை. அமிர்தம் எடுத்தாள். ஸ்பீக்கரில் போடச் சொல்லி மணிமொழி சைகை காட்டினாள். அமிர்தம் போட்டாள்.

“இன்னா மேஸ்திரி, உசுரோடதான் இருக்கிறியா? அன்னிக்குப் பாறை மேல நின்னுகினு தொண்டை கிழியக் கூப்ட்டேன்.”

“போன்ல ஒரு கோளாறு. சரியாப் போச்சி.”

“கீழ சொல்லிக்கிறாங்களே, நீ சீட்டு ஆடுறன்னு?”

அமிர்தம் பேசுவதற்குள் மணிமொழி வாயில் கஞ்சியோடு போனைப் பார்த்துக் கத்தினாள். “எவ சொன்னது? அவள வரச் சொல்லு. ஆடுனது எவனோ, பேரு எங்க அக்காவுக்கா?”

“யாரும்மா அது?”

“அது என் ஆளு” என்றாள் அமிர்தம்.

வேடியப்பன் சிரித்தார். மலையில் சாமை அறுப்பு முடிந்ததும் ஆள் அனுப்புவதாகச் சொன்னார், அதற்குள் லைன் போய்விட்டது.

பொழுது சாய்கிற நேரத்துக்கு நடவு முடிந்தது. என் கழனியில் நடவு எப்போதும் ஒரே நாளில் முடியும், அது என் பழக்கம். பெண்கள் வாய்க்காலில் கை கால் கழுவினார்கள். நான் கூலியை ஆள் ஆளுக்குப் பிரித்துக்கொண்டு வரப்பில் வந்து நின்றேன். அமிர்தம் ஆட்களோடு ஆளாகக் கடைசியில் நின்றாள். முன்னால் நின்றவள் மணிமொழி. அவளிடம் நீட்டினேன். வாங்கவில்லை.

“இன்னா பெரிப்பா, எனக்கு நீட்டறீங்க?”

“நீங்கதானே கேட்டீங்க, கையில குடுக்கச் சொல்லி?”

“அது அன்னிக்கி. ஆளுக்கு ஆளு குடுத்துக்கினு நின்னா எப்ப வூடு போய்ச் சேர்றது? மேஸ்திரிகிட்ட குடுங்க.”

மற்றவர்களைப் பார்த்தேன். யாரும் கை நீட்டவில்லை. நான் பிரித்ததையெல்லாம் திரும்பச் சேர்த்து, கடைசியில் நின்றவளிடம் போய்க் கொடுத்தேன். அமிர்தம் வாங்கிக்கொண்டு வரப்பில் உட்கார்ந்தாள். பெண்கள் சுற்றி நின்றார்கள்.

“வரிசையா வாங்கடி” என்றாள். “மணிமொழி, நீ கடேசி.”